இடப்பக்க இருக்கை

கோவென்ட்ரியின் ஞாயிறு மதியத் தூறல் கராஜின் தகரக் கூரையில் பொரிந்துகொண்டிருக்கிறது. அறுபதுகளின் எம்.ஜி. காருக்குள் கிளைவ் தலைகீழாகக் குனிந்து கிடக்கிறார். இவ்வளவு பழைய காருக்கு சீட் பெல்ட் கட்டாயமில்லை என்று சட்டத்தைச் சாட்சிக்கு இழுத்து பெல்ட் கேட்ட மனைவி ஹிலரியின் வாயை அடைத்தவர் அவர்தான். போன வசந்தத்தில் அக்கா வீட்டுக்குப் போன ஹிலரி திரும்பவில்லை. இப்போது வேறொரு காரின் இருக்கைகளை இதில் மாற்றிப் பொருத்தி, இரண்டுக்கும் பெல்ட் மாட்டுகிறார். புது இருக்கை அகலம் அதிகம். பெல்ட்டின் பூட்டு இடுக்குக்குள் புதைந்துவிடுகிறது. ஆள் உட்கார்ந்தால்தான் அளவு தெரியும். பக்கத்து வீட்டு க்ளெனிஸ் குடையோடு எட்டிப் பார்க்கிறாள். "ரெண்டு பெல்ட்டா? அந்தப் பக்கம் உக்காரப்போற மகராசி யாரு?" "யாருமில்ல. ஒண்ணு மட்டும் இருந்தா பாக்க நல்லாருக்காது." "அளவு பாக்க நான் வேணா உக்காரட்டுமா?" "வேணாம் க்ளெனிஸ், ஈரக் கோட்டு. சீட்டு பாழாயிடும்." "நல்ல மனுஷன்யா! சீட்டுக்கு இருக்கிற மரியாதை எனக்கில்ல." குடை சிரித்துக்கொண்டே வேலிக்கு அப்பால் போகிறது. கிளைவ் பூட்டைச் சற்று உயர்த்தி முடுக்குகிறார். கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி வந்து, இடப்பக்கம் தாமே உட்காருகிறார். இத்தனை வருடத்தில் ஹிலரி உட்காரும் இந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததேயில்லை. பெல்ட்டை இழுத்து மாட்டுகிறார். பூட்டு கச்சிதமாக விழுகிறது. வலப்பக்கம் ஸ்டியரிங் ஆளில்லாமல் நிற்கிறது. பிடிமானம் தேடி அவருடைய இடது கை கதவின் தோல்வாருக்குப் போகிறது. வார் முழுக்க இன்னும் புதுக்கறுப்பு. அவர் விரல்கள் விழுந்த இடத்தில் மட்டும், நான்கு விரல் அகலத்துக்கு, நூல் தெரியத் தேய்ந்திருக்கிறது.