நிம்மதி ஜன்னல்

எண்ணெய்க் கிடங்கு மூன்றாம் நாளாக எரிந்துகொண்டிருந்தது. ஆனால் தேசம்மாள் வீட்டு ஜன்னலில் வானம் பளிச்சென்று நீலமாயிருந்தது. போன தீவிபத்துக்குப் பிறகு, குப்பத்து மக்களின் மனவேதனையைக் குறைப்பதற்காகக் கிடங்கு நிர்வாகம் வீட்டுக்கு வீடு பொருத்திக் கொடுத்த திரை அது. ஊரே எரிந்தாலும் அதில் புகை தெரியாது.

வாசலில் காயப்போட்டிருந்த நெத்திலி முழுக்கக் கரி படிந்திருந்தது. தேசம்மாள் புகார் எண்ணைக் கூப்பிட்டாள்.

“ஜன்னல்ல என்ன தெரியுதும்மா?” என்றது தேன் தடவிய இயந்திரக் குரல்.

“நீல வானம்.”

“ரொம்ப நல்லதும்மா. உங்க புகார் தீர்ந்தது.”

“தீர்ந்துச்சா? இரு, தோ வரேன்.”

ஒரு கை நெத்திலியை அள்ளி வந்து அந்த நீல வானத்தில் தேய் தேயென்று தேய்த்தாள்.

தீயை அணைக்கத்தான் மூன்று நாளாய் ஆள் போதவில்லையாம். கறை பட்ட திரை தானே தகவல் அனுப்ப, அதைத் துடைக்கப் பத்தே நிமிடத்தில் ஓர் ஊழியன் முகமூடியோடு வந்து நின்றான். துடைத்து முடித்ததும் படிவத்தை எடுத்தான்.

“இந்தக் கரி எப்படிம்மா வந்துச்சு?”

தேசம்மாள் கதவை அகலத் திறந்து காட்டினாள். புகை உள்ளே வந்தது. அவன் இருமிக்கொண்டே எழுதினான்: ‘வீட்டுச் சமையல் புகை.’

“யாரும் அடுப்பு பத்த வைக்கக் கூடாதுன்னு மைக்குல கத்துனதே உங்க ஆளுங்கதானய்யா! மூணு நாளா வெறும் பன்னைத் துன்னுகினு கெடக்குறோம்.”

அவன் சற்று யோசித்தான். பிறகு அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தான்: ‘தடையை மீறிச் சமைத்திருக்கிறார்.’