நாலு வரித் திருத்தம்

"செத்தது யாரு? நம்ம ஆளா, அவங்க ஆளா?"

ஆசிரியர் போனில் கேட்ட முதல் கேள்வி அதுதான். எப்படிச் செத்தார் என்பதெல்லாம் அப்புறம்.

மறுமுனையில் மூத்த நிருபர். அலுவலகத்தில் அவருக்கு 'முற்றுப்புள்ளி' என்று பட்டப்பெயர். இருபத்தாறு வருஷத்தில் அவர் கொடுத்த செய்தியில் யாரும் கை வைக்க வேண்டி வந்ததில்லை.

"பக்கத்துப் பக்கத்துக் கடை சார். ஒருத்தர் தையல்காரர், இன்னொருத்தர் பெயிண்ட் கடைக்காரர். வாசல்ல எந்த மதத்துக் கொடி பறக்கணும்னு தகராறு. பெயிண்ட் கடைக்காரர் செத்துட்டார். தையல்காரர் லாக்கப்ல. தற்காப்புக்காகத்தான் கத்தரியால குத்தினேங்கிறார். ஸ்டேஷன் வாசல்ல கும்பல் நிக்குது. நாளைக்கு நம்ம பேப்பர்ல என்ன வருதோ, அதைப் பொறுத்துத்தான் அந்த மனுஷன் உயிரே."

"அது கிடக்கட்டும். முதல்ல பேரைச் சொல்லுய்யா!"

நிருபர் இருவர் பெயரையும் சொன்னார்.

ஆசிரியரின் முகம் மலர்ந்தது.

"அட, தையல்காரர் நம்ம ஆள்! பாவம், ஊசியால துணியைக் குத்தவே யோசிக்கிற ஜாதி. தற்காப்பாத்தான் இருக்கும். எதிராளி கையில ஏதாவது இருந்துச்சா?"

"இரும்புக் கம்பி சார். முதல்ல ரெண்டு அடி மண்டையில போட்டது அவர்தான். மூணு பேர் பார்த்திருக்காங்க. கம்பியோட படம்கூட இருக்கு."

"பிரமாதம்! ஒண்ணு விடாம எழுது. முதல் பக்கம்!"

இப்படிச் சாவு விழுந்தால் இரண்டு தலைப்புகள் தயாராகிவிடுவது அங்கே வழக்கம். பெயர் தெரிந்ததும் ஒன்று குப்பைக்குப் போகும்.

ஆசிரியர் உதவி ஆசிரியை பக்கம் திரும்பினார். "அந்த 'மதவெறியாட்டம்' வேண்டாம்மா. 'உயிர் காக்கப் போராட்டம்' போடு."

தலையங்கத்தை அவரே எழுதினார்: 'தற்காப்பு மனிதனின் பிறப்புரிமை!'

மறுநாள் காலை போன் ஓயவில்லை. செத்தவரைக் கைதியாகவும், கைதியைப் பிணமாகவும் போட்டிருந்தார்கள். பெயர்கள் இடம் மாறியிருந்தன. உண்மையில் தையல்காரர்தான் 'அவங்க ஆள்'.

"மானம் போச்சு!" ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னிக்கு மாத்தி எழுதும்மா. திட்டமிட்ட கொலை, கொடூரம், அது இதுன்னு."

"கம்பியை என்ன சார் பண்றது?" உதவி ஆசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "படமே போட்டுட்டோமே."

"ஏம்மா, கடைன்னா ஒரு கம்பி கிம்பி இருக்காதா?"

"மூணு சாட்சி சொன்னதும் அச்சுல வந்துடுச்சு சார். தலையங்கம் வேற... நீங்க எழுதினது. தையல்காரரோட வக்கீல் நம்ம பேப்பரைத்தான் கையில வச்சுக்கிட்டு கோர்ட்டுக்குப் போயிருக்காராம். அந்தக் கும்பல்கூட, யாரை அடிக்கிறதுன்னு குழம்பிப் போய்க் கலைஞ்சிடுச்சாம்."

ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தம் சொன்னார்: 'நேற்றைய செய்தியில் இருவரின் பெயர்களும் இடம் மாறிவிட்டன. வருந்துகிறோம்.'

"மற்ற விவரங்கள் சரியானவைன்னு சேர்க்கணுமே சார்?"

"சேர்த்துத் தொலை!"

நிருபருக்கு ஒரு மாதம் சஸ்பென்ஷன். மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தவரிடம் உதவி ஆசிரியை வந்து நின்றாள்.

"என்ன அண்ணா இது? இத்தனை வருஷத்துல ஒரு பேரைக்கூட நீங்க தப்பா சொன்னதில்லையே!"

அவர் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"பேரைச் சரியா சொல்லியிருந்தா, மத்ததெல்லாம் தப்பா வந்திருக்குமேம்மா."