ஜன்னலுக்குப் பலகை

புயல் ஓய்ந்தும் மழை விடவில்லை. அத்தா ரங்கூனிலிருந்து வரவழைத்த தேக்கு ஜன்னல் பெயர்ந்து விழுந்து, கமாலுதீனின் கூடமெல்லாம் சாரல்.

பலகையும் சுத்தியலுமாக வந்து நின்றான் தம்பி பரக்கத் அலி. அத்தாவின் வீட்டை இரண்டாகப் பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"பிடிங்கண்ணே, அடைச்சிடலாம்."

"மலைக்கோட்டை கடைவீதியிலயே பலகை இல்லைன்னுட்டாங்க. உனக்கு எங்க கெடச்சுது?"

"வீட்டுல சும்மாதான் இருந்துச்சு."

அண்ணன் பிடிக்க, தம்பி ஆணி அடித்தான்.

"சின்ன வயசுல மழை பேஞ்சா, இந்தக் கூடத்துலேருந்து உன் அடுப்பங்கரை வரைக்கும் ஓடிப்பிடிச்சு விளையாடுவோமே..."

"அத்தா சத்தம் போட்டாத்தான் நிப்போம்."

கடைசி ஆணி இறங்கியபோது, பரக்கத்தின் மனைவி மஜீதா தேத்தண்ணியோடு பின்னால் நின்றாள்.

"கொட்டுற மழையில நீ ஏம்மா..." என்று திரும்பிய கமாலுதீன் பேச்சை நிறுத்தினார். அவள் முக்காட்டில் ஒரு துளி ஈரமில்லை.

பாகம் பிரித்த அன்று, கோபத்தில் தம்பி தன் பக்கமிருந்து பலகையடித்து மூடிய நடுக்கதவு, விரியத் திறந்து கிடந்தது.

தேத்தண்ணியை வாங்கிக்கொண்டார்.

"மிச்சப் பலகை இருந்தா அடுப்புல வச்சிடும்மா" என்றார்.