முழுசாகத் திருப்பினால் ஒரு சத்தம்

"டிங்... டொக்."

கீரனூர் கடைத்தெருவில் காரை முழுசாக ஒடித்துத் திருப்பியபோது மறுபடியும் அதே சத்தம்.

"கேட்டுச்சா பிளெஸ்ஸி?" என்றான் கண்ணன்.

"கேட்டுச்சு. நேராப் போறப்ப ஒண்ணுமில்ல. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சாத்தான் வருது" என்றாள் முன் சீட்டில் இருந்த அவன் மனைவி.

பிளெஸ்ஸிக்கு இது ஒன்பதாவது மாதம். எந்த நேரத்தில் வலி வந்தாலும் திருச்சி ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியில்தான் ஓட வேண்டும்.

பின் சீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் சத்தம் கேட்காமல் இருக்காது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒரு ஜன்னலோரம் கண்ணனின் அம்மா அழகம்மாள், சொந்த ஊர் இலுப்பூர். மறு ஜன்னலோரம் பிளெஸ்ஸியின் அம்மா அடைக்கலமேரி, சொந்த ஊர் ஆவூர். நடுவில் இன்னும் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம்.

கோயிலும் இல்லாமல் சர்ச்சும் இல்லாமல் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்த கல்யாணம். அன்றிலிருந்து சம்மந்திகள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இவளுக்கு அவள் 'அந்தம்மா', அவளுக்கு இவள் 'அந்தம்மா'.

"பிரசவத்துக்கு ரெண்டு அம்மாவும் கூட இருக்கணும்" என்று பிளெஸ்ஸி ஒற்றைக்காலில் நின்றதால்தான் இன்று ஸ்கேனுக்கு இருவரும் சேர்ந்து வந்தார்கள். போகும்போதும் மௌனம், வரும்போதும் மௌனம். இந்த லட்சணத்தில் வண்டி வேறு பேச ஆரம்பித்துவிட்டது.

நாலு நாளாக வரும் இந்தச் சத்தத்துக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லியிருந்தார்கள். ஆபீஸ் நண்பன் ஆக்ஸில் என்றான். சித்தப்பா சஸ்பென்ஷன் என்றார். கார் ஓட்டவே தெரியாத டீக்கடைக்காரர், ஸ்டியரிங் ஆயில்தான் என்று சத்தியம் செய்தார்.

கண்ணன் வண்டியை நேராக முத்துராஜின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினான்.

முத்துராஜ் நின்ற வண்டியிலேயே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தார். சத்தமில்லை. கண்ணனை ஓட்டச் சொல்லி வெளியே நின்று காதைத் தீட்டினார். அப்போதும் சத்தமில்லை.

"எனக்குக் கேக்கல. உள்ள ஏறிப் பாப்பம்" என்று பின் சீட்டில் ஏறினார். நடுவில்தான் இடம் நிறைய இருந்ததே.

கண்ணன் முழுசாக ஒடித்து ஒரு வட்டம் அடித்தான்.

"டிங்... டொக்."

"நிப்பாட்டுங்கண்ணே. வண்டியில ஒண்ணுமில்ல. ஒங்க சீட்டுக்கு அடியில ஏதோ உருளுது."

முத்துராஜ் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள். வெளியே பார்ப்பதற்கு நாலு பழைய டயர்கள்தான் இருந்தன.

கை வெளியே வந்தபோது அதில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பித்தளை வேல். கூடவே, மாதா படம் ஒட்டிய சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே எண்ணெய்.

"குப்பி உருண்டு போயி வேலுல இடிக்குது. அப்புறம் ரெண்டும் சேந்து சீட்டுக் கம்பியில இடிக்குது. அம்புட்டுதான்."

கண்ணனுக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. வண்டி வாங்கிய அன்றே அவனும் பிளெஸ்ஸியும் முடிவு செய்திருந்தார்கள், இதில் எந்தச் சாமி படமும் கிடையாது என்று. ஒரு வீட்டுச் சாமியை வைத்தால் மறு வீட்டில் முகம் தூக்குவார்கள்.

"அவ்வளவு சொல்லியும் கேக்கல, இல்ல? ஒளிச்சு வச்சாவது ஒங்க சாமிதான் ஜெயிக்கணுமா?"

வேலை வாங்கி அம்மாவின் மடியில் வைத்தான். குப்பியை மாமியாரின் கையில் கொடுத்தான்.

"அவுங்கவுங்க சாமிய அவுங்கவுங்க வீட்டுல வச்சுக்கங்க."

பிளெஸ்ஸியின் முகம் வாடிவிட்டது.

அழகம்மாள் வேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நான் வச்சதில்லப்பா."

"பின்ன யாரு வச்சா?"

அடைக்கலமேரி தொண்டையைச் செருமினாள்.

"நாந்தான் வச்சேன் மாப்ள. தெனமும் திருச்சி ரோட்டுல லாரிக்கு நடுவுல ஓட்டிக்கிட்டுப் போறீங்க. ஒங்களுக்கு ஒங்க சாமி கூட வந்தாத்தான எனக்குத் தூக்கம் வரும்? அதான் விராலிமலை ஏறிப் போயி, முருகன் காலடியில வச்சு வாங்கியாந்தேன்."

கண்ணன் திரும்பி மாமியாரைப் பார்த்தான். அவள் முட்டிவலிக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பதே அவன்தான்.

"அப்ப இந்தக் குப்பி?" என்றாள் பிளெஸ்ஸி.

அழகம்மாள் ஜன்னலிடமே பதில் சொன்னாள்.

"மாசமா இருக்கிற புள்ளைக்கு அவ மாதா தொணை இருக்க வேணாமா? பஸ் ஏறி ஆவூருக்கே போயி, ஃபாதர் கையால மந்திரிச்சு வாங்கியாந்தேன். யாருக்கும் தெரிய வேணாம்னுதான் அடியில வச்சேன்."

பிளெஸ்ஸி கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நடுவில் மாட்டிக்கொண்டு நெளிந்த முத்துராஜைத் தாண்டி எட்டி, அடைக்கலமேரி அழகம்மாளின் கையைப் பிடித்தாள். பார்வையில் நிஜமான கோபம் இருந்தது.

"ஆவூர் வரைக்கும் வந்துட்டு, வீட்டுக்கு வராமத் திரும்பிப் போயிருக்கீங்களே, இது ஒங்களுக்கே நல்லாருக்கா சம்மந்தி?"