எதிர்த்தரப்பு

"தண்ணியக் குடி முதல்ல. அப்புறம் அழலாம்," என்றார் வக்கீல்.

அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்கும். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் இருந்த இலவச சட்ட உதவி அறையின் வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு இரைத்தது.

"லிஃப்ட் எப்பவோ படுத்துடுச்சு பாப்பா," என்றார் மேஜை மேலிருந்த டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த பியூன். "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் நியாயமே கேக்க மாட்டாங்க. தண்ணிதான் கேப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் குளிர்ல ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வரக் கூடாதா?" என்றார் வக்கீல்.

"அம்மா போட்டுட்டுப் போய் பஸ்ல விட்டுட்டாங்க மேடம். டயாலிசிஸ் முடிஞ்சா அவங்களுக்கு ரொம்பக் குளிரும். என்னோடதத்தான் போட்டுப்பாங்க."

பியூன் டீ வாங்க இறங்கிப் போனார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு அம்மாவுக்கு டயாலிசிஸ். எப்பவும் நான்தான் முதல் நாளே வந்து டோக்கன் போடுவேன். இன்னைக்குக் கவுன்ட்டர்ல இன்சூரன்ஸ் கார்டைப் பார்த்துட்டு, அம்மா பேரை எடுத்தாச்சேன்னு சொல்றாங்க. இனிமே காசு கட்டுனாத்தான் மெஷினாம். அப்பா இல்ல மேடம். அம்மா தையல் வேலைக்குப் போறதே உடம்புக்கு முடிஞ்ச அன்னைக்குத்தான். நாங்க எங்க போவோம்?"

"அம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல. தெரிஞ்சா அந்த அதிர்ச்சியிலயே போயிடுவாங்க. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். பயமா இருக்கு மேடம்."

வக்கீல் முன்னால் குனிந்தார். "தானா எந்தப் பேரும் காணாமப் போகாது. யாரோ மனு போட்டு எடுத்திருக்காங்க. உங்க கார்டுல வேற யார் யார் இருக்கீங்க?"

"நானு, சித்தப்பா, சித்தி. எல்லாரும் ஒரே வீடுதான்."

"அதானே பார்த்தேன். இந்தத் திட்டத்துல வீட்டுக்கு ஒரே கார்டு. எல்லாரோட வைத்தியத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒரே வரம்பு. டயாலிசிஸ்லயே அது கரைஞ்சு போகும். ஒரு பேரை எடுத்துட்டா, மிச்சம் இருக்கறவங்களுக்குத்தான் லாபம். வீட்ல யாருக்காவது பெரிய ஆபரேஷன் இருக்கா?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "சித்தப்பாவுக்கு முட்டி மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. அக்கா ஒருத்தருக்கே எல்லாம் போகுதுன்னு சித்தி ஒரு தடவை முணுமுணுத்தாங்க. நான் சும்மா சொல்றாங்கன்னு நினைச்சேன்."

"ஒரே பானைச் சோத்தத் தின்னுக்கிட்டு." வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுக்கு ஒரு வக்கீலும் துணை போயிருக்கான் பாரு. ஒரு உசுரு போகுமேன்னு நாலு கேள்வி கேட்டிருப்பானா? கூலிக்கு மாரடிக்கிற கூட்டம். நாளைக்குக் காலையிலயே தடை வாங்கறேன். எதிர்த்தரப்பு யாரா இருந்தாலும் விட மாட்டேன். கார்டைக் குடு."

அந்த அறையில் வழக்கமாக முதலில் கார்டைப் பார்த்துவிட்டுத்தான் கதையைக் கேட்பார்கள். அழுகிற பெண்ணிடம் அதைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

கார்டைப் பிரித்தார். முதல் பக்கத்திலிருந்த படத்தின் மேல் அவர் பார்வை நின்றது.

"அதான் அம்மா. மெலிஞ்சு போறதுக்கு முன்னாடி எடுத்தது," என்றாள்.

வக்கீல் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா ஊர் மாறிப் போறாங்களா? உங்க மாமா வீட்டோட போய், அவங்க கார்டுல சேர்ந்துக்கறாங்களா?"

"எனக்கு மாமாவே கிடையாது. அம்மா ஒரே பொண்ணு."

வக்கீல் கண்களை மூடிக்கொண்டார். திறந்ததும் கார்டை மூடி அவள் பக்கம் தள்ளினார்.

"இந்தக் கேஸை நான் எடுக்க முடியாதும்மா."

"இப்பதானே விட மாட்டேன்னு சொன்னீங்க?"

"எதிர்த்தரப்பு ஏற்கெனவே எங்கிட்ட வந்தாச்சு. அந்த மனுவைப் போட்டுக் குடுத்ததே நான்தான். ரெண்டு பக்கத்துக்கும் நானே நிக்கக் கூடாது."

அவள் கார்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "எங்கம்மாவக் கொல்றதுக்கு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களா?"

"எங்கிட்டப் பொய் சொன்னாங்க. நம்பிட்டேன்."

"யாரு? சித்தப்பாவா, சித்தியா?"

"சொல்லக் கூடாது. நம்பிச் சொன்னதை வெளிய விட்டா நான் இந்த நாற்காலியில உக்காரவே லாயக்கில்ல."

"எங்கம்மா உசுர விட உங்க நாற்காலி பெருசா?" எழுந்தாள். மறுபடி மூச்சு இரைத்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு அடிக்கடி இப்படி வாங்குதா?" வக்கீலின் குரல் மாறியிருந்தது.

"ரத்தம் கம்மின்னு அம்மா மாத்திரை குடுக்கறாங்க. என் கதைய விடுங்க. பேரைச் சொல்லுங்க."

"பேரைச் சொல்ல முடியாது. ஆனா இன்னைக்கே அவங்களை நேர்ல பார்த்து மனுவை வாபஸ் வாங்க வைக்கறேன். ரெண்டு பேருக்கும் வழி இல்லாமப் போகாது. கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு."

யார் அந்த ரெண்டு பேர் என்று அவள் கேட்கவில்லை. அதுவரை சுவரோடு ஒட்டித் திறந்தே கிடந்த கதவை வெடுக்கென்று இழுத்தாள்.

கதவுக்குப் பின்னால், சுவரிலிருந்த ஆணியில் ஒரு நீல ஸ்வெட்டர் தொங்கியது. மார்பில் அவள் பள்ளியின் முத்திரை. முழங்கைக் கிழிசலில், நீல நூல் தீர்ந்துபோன அன்று அம்மா சிவப்பு நூலால் போட்ட தையல்.

கை நீட்டி அதைப் பிடித்தாள். பாதி சாத்திய கதவின் இடுக்கில் டீயோடு உடம்பை நுழைத்துக்கொண்டு வந்தார் பியூன்.

"அதை எடுக்காத பாப்பா. போன வாரம் வந்த அம்மா மறந்து வச்சுட்டுப் போனது. கார்டுலருந்து தன் பேரை எடுத்தே ஆகணும்னு மேடம் கால்ல விழாத குறையா அழுதாங்க, பாவம். பொண்ணுக்கு இதயத்துல ஓட்டையாம், ஆபரேஷன் பண்ணணுமாம். அந்தப் பொண்ணுக்கே இன்னும் தெரியாதாம்."