சங்கிலி வேண்டாத மேடு

காயலான் கடைக்குள் பிக்கப்பை நிறுத்தி இறங்கும்போதே அவனைப் பார்த்துவிட்டாள்.

அவளுக்கு முன்பே வந்து, அவள் வாங்க வந்த பின் ஆக்சிலின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். ஏற்கெனவே வாங்கிவிட்டவனைப் போல.

ஊரில் அவனுக்குச் சங்கிலி என்று பெயர். சொந்தமாக டிராக்டர் வைத்திருந்தான். மழைக்காலத்தில் மேட்டுக் களிமண்ணில் எந்த வண்டி மாட்டினாலும் அவன்தான் சங்கிலி கட்டி இழுத்துவிட வேண்டும்.

அதிகம் மாட்டியது அவள் வண்டிதான்.

பள்ளத்து வீடுகளின் பாலை ஏற்றிக்கொண்டு மேடேறி, அந்தப் பக்கம் இருக்கும் பால் பண்ணையில் சேர்ப்பது அவள் தொழில். மேட்டில் பாதி ஏறியதும் ஒரு பின் சக்கரம் சேற்றில் சும்மா சுற்றும். இன்னொன்று எனக்கென்ன என்று நிற்கும். போன் போட வேண்டும். அவன் ஆடி அசைந்து வருவான்.

போன மழையில் அப்படிக் காத்திருந்து மொத்தப் பாலும் திரிந்துபோனது. ஓடையில் கொட்டினாள். மறுநாளே சில வீட்டுக்காரர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள்.

அதைக்கூட மறந்திருப்பாள். கடைவாசலில் நாலு பேர் நடுவில் அவன் சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை.

"ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறதுதான் அவ. வண்டிய ஓட்டுறது என் சங்கிலி."

அன்றிலிருந்து லாக் வைத்த ஆக்சில் ஒன்றைத் தேடி அலைந்தாள். பட்டனை அழுத்தினால் இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து சுற்றும்; ஒன்று வழுக்கினாலும் மற்றது விடாமல் தள்ளும். புதிது கட்டுப்படியாகாது. பழையது கிடைப்பது குதிரைக்கொம்பு. அவளுடைய பிக்கப்புக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்று இந்தக் கடைக்கு வந்திருக்கிறது என்று நேற்றுத்தான் தகவல் கிடைத்தது. கடைக்காரரிடம் அவள் போனில் பேசியது எப்படியோ அவன் காதில் விழுந்திருக்கிறது.

இருவரும் தெரிந்தவர்கள் போலக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைக்காரர் கைத்துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "லாக் இருக்குது. வேலை செய்யுதான்னு எனக்கே தெரியாதும்மா."

"செத்துப்போயிருக்கும்," என்றான் சங்கிலி. "இரும்பு விலைக்குக் குடுங்க, நான் எடுத்துக்கிறேன். அந்தம்மாவுக்கு இத வச்சு என்ன பண்ணத் தெரியும்?"

அந்தம்மா குனிந்து லாக்கின் ஒயர் எங்கே என்று தேடினாள்.

வேலை செய்கிறது என்று தெரிந்தால் விலை ஏறும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் இரும்பு வாங்க வரவில்லை.

பிக்கப்பின் பானெட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்றி எடுத்து வந்தாள். கடை ஆட்கள் இருவர் ஆக்சிலைத் தூக்கி, இரண்டு முனைக்கும் பழைய டயர்களை முட்டுக்கொடுத்தார்கள்.

இடது முனையைப் பிடித்துச் சுற்றினாள். வலது முனை எதிர்த்திசையில் சுற்றியது. எந்த ஆக்சிலும் செய்கிற காரியம்தான்.

லாக்கின் ஒயரை பேட்டரியில் வைத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

சங்கிலி மீசையை நீவிக்கொண்டான். கடைக்காரர் உச்சுக்கொட்டினார்.

அவள் ஒயரின் நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பச்சை பூத்திருந்தது. கத்தியால் சுரண்டினாள். செம்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினாள்.

மறுபடி வைத்தாள்.

இரும்புக்குள்ளே எங்கோ டக்கென்று ஒரு சத்தம்.

இடது முனையைத் தள்ளினாள். வலது முனையும் கூடவே, அதே திசையில், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரிச் சுற்றியது.

யாரும் கேட்காமலே இன்னொரு முறை சுற்றினாள். அது அவளுக்காக.

சங்கிலி ஆக்சிலிலிருந்து காலை எப்போது எடுத்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. இப்போது சட்டைப் பையில் கையை விட்டான். "அவங்க குடுக்கிறதுக்கு மேலயே போட்டுத் தர்றேன்."

கடைக்காரர் தலையை ஆட்டினார். "இரும்பு விலைக்குக் கேட்டீங்கல்ல, அதோ குவிஞ்சு கிடக்குது, வேணுங்கிறத எடுத்துக்கங்க. உயிர் இருக்குன்னு காட்டினவங்களுக்குத்தான் இது."

நாலு பேர் சேர்ந்து ஆக்சிலை பிக்கப்பில் ஏற்றினார்கள். வண்டி பின்பக்கம் ஒருமுறை அமிழ்ந்து நிமிர்ந்தது. அவளே கயிறு போட்டு இறுக்கினாள். பேட்டரியை மாட்டி, பானெட்டைச் சாத்திவிட்டு, கிரீஸ் படிந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அதைப் பார்த்தபடி நின்றாள். இனி மேட்டில் எவனுக்கும் போன் போட வேண்டியதில்லை.

சங்கிலி தன் மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தான். பிக்கப்பைத் தாண்டும்போது நின்றான். கயிற்றை இழுத்துப் பார்த்தான். அவள் போட்ட முடிச்சை அவிழ்த்து வேறு முடிச்சாகப் போட்டு, உடம்பைச் சாய்த்து இறுக்கினான். அவள் பக்கம் திரும்பாமலே வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. தெருமுனைவரை அவனைக் கண்ணால் துரத்திவிட்டு அவளிடம் குனிந்தார்.

"பாத்துப் போங்கம்மா. அந்த ஆளு மூஞ்சியே சரியில்ல. வழியில மறிச்சு வம்பு பண்ணினாலும் பண்ணுவான்."

அவள் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் முகத்தில் வந்தது.

"மறிக்க மாட்டாருங்க. ராத்திரி அவரும் அங்கதான் வந்து படுக்கணும், எங்க வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு."