தூணருகே நின்றவன்

"அண்ணி, உங்க பின்னாடி அவன் நிக்கிறான்" என்றார் அரசர் ராக்னரிக்.

கணவன் இறந்தபின் துறவு பூண்டு கன்னிமடத் தலைவியான ஆல்திரூதா திரும்பிப் பார்த்தாள். "தூண்தான் இருக்கு, தம்பி. யாரு நிக்கிறா?"

"உங்க மகன். ஆத்துல முக்கிக் கொல்லச் சொன்னேனே, அதே முகம். ஆனா வளர்ந்திருக்கான். செத்தவன் வளருவானா?"

"பாவம் வளருமே."

அண்ணன் இறந்ததும் அரியணைக்காக ராக்னரிக் செய்த பாவம் அது. ஒவ்வோர் ஈஸ்டருக்கும் இந்தத் தேவாலயத்தில் அழுது மன்றாடினார். ஒவ்வொரு முறையும் அவன் வந்து நின்றான்.

"என்ன செஞ்சா போவான், அண்ணி?"

"முடியை இறக்கிட்டு மடத்துல சேந்துடுங்க."

அவர்களுடைய பிராங்கிய இனத்தில் நீண்ட தலைமுடிதான் அரசனின் அடையாளம். அதை இழந்தவன் அரசனில்லை. ராக்னரிக் தூணை இன்னொரு முறை பார்த்தார். மண்டியிட்டார்.

அவளே கத்தரித்தாள். கடைசிக் கற்றை விழுந்ததும் தூண் பக்கம் கை நீட்டினாள்.

"வா கண்ணா. இனிமே நீதான் ராஜா."

அந்த உருவம் காலடி ஓசையோடு நடந்து வந்தது.

"நீங்க அனுப்புன ஆளு மனசு வராம பிள்ளையை எங்கிட்டயே கொண்டாந்துட்டான்" என்றாள் அவள்.

ராக்னரிக் தேம்பி அழுதார். "உயிரோடதான் இருக்கியாடா! அப்போ நான் கொலைகாரன் இல்ல!" கைவிட்டுப் போன அரசு அவர் நினைவிலேயே இல்லை.

இளைஞன் அவரைக் கைகொடுத்து எழுப்பினான். மென்மையாகத்தான் கேட்டான்.

"சித்தப்பா, உங்க பையன் இப்ப எங்க இருக்கான்?"

ஆல்திரூதா மகனைப் பார்த்தாள். அந்த முகத்தில் பழைய ராக்னரிக் இருந்தார்.